திரைக்கு வெளியே ஒரு பட்டறை

டிசம்பர் பிறந்ததும் செயலி வடிவமைக்கும் டிசைனர்களுக்குப் பட்டியல் காலம் தொடங்கிவிடும். வரும் ஆண்டில் எந்த எழுத்துரு எடுபடும், எந்த நிறம் ஓடும், பட்டனின் மூலை எவ்வளவு வளைய வேண்டும் என்று உலகம் முழுக்க ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுவார்கள். பான்டோன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டின் நிறமென்று ஒரு வான்நீலத்தை அறிவித்து ஆரம்பித்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. 2026-க்கு மேகத்தின் பெயர் தாங்கிய ஒரு வெண்மையை அது தேர்ந்திருக்கிறது. ஆப்பிள் 2025 ஜூனில் காட்டிய கண்ணாடித் தோற்றத்தின் பின்னால் பல செயலிகளும் போகத் தொடங்கிவிட்டன. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், ஆண்டுக் கடைசி விடுமுறையில் புதிதாக ஏதாவது தோன்றாதா என்று இந்தப் பட்டியல்களைத்தான் புரட்டுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினோரு மாதம் டெட்லைனும் ரிவ்யூவுமாக ஓடியவர்களுக்கு மனம் வறண்டுபோவது இயல்பு. ஆனால் ஒரே பட்டியலைப் பத்தாயிரம் பேர் பார்த்தால், பத்தாயிரம் செயலிகளும் ஒரே முகத்தோடு வருகின்றன. உச்சி வெயிலில், வயல் வரப்பில் நின்று போனைப் பார்க்கும் ஒருவருக்குக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் எழுத்தால் என்ன பயன்? அந்தக் கண்ணாடித் தோற்றத்தில் எழுத்து சரியாகப் படிக்க முடியவில்லை என்று அமெரிக்காவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. சில மாதங்களில் ஆப்பிளும் அதன் ஊடுருவலைக் குறைத்துக்கொள்ள ஒரு வசதியைச் சேர்த்தது.

இந்த ஆண்டுக் கடைசியில் டிசைனர்கள் பார்க்க வேண்டிய இடமென்று நான் சொல்வது செட்டிகுளம். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் ஆலத்தூர் கேட்டில் இறங்கி மேற்கே திரும்பினால் வரும் ஊர். பெரம்பலூர் மாவட்டம். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் என்றால் முதலில் நினைவுக்கு வரும் மண்.

வெங்காயம் மூச்சு விடும்

மார்கழியில் இந்தப் பக்கம் வந்தால், ஐப்பசியில் ஊன்றிய வெங்காயம் பச்சைத் தாளோடு நிற்பதைப் பார்க்கலாம். எழுபது நாள் பயிர். நடுவில் மழை கூடினாலும் பனி நின்றாலும் திருகல் நோய் வந்து தாள் முறுக்கிக்கொள்ளும். அதையெல்லாம் தாண்டித் தை பிறக்கும்போது பிடுங்கத் தொடங்குவார்கள். பிடுங்கிய வெங்காயத்தை உடனே விற்றுவிடலாம். ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் பிடுங்கினால் விலை படுத்துவிடும். அடுத்த பட்டத்துக்கு விதை வெங்காயமும் வேண்டும். ஆகவே காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருப்பதற்காக இந்த வட்டாரத்து விவசாயிகள் கட்டுவதுதான் பட்டறை.

தொலைவிலிருந்து பார்த்தால் நீளமாக, ஒடுங்கலாக, கூரை போட்ட ஒரு கூண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் அறிவு தெரியும். தரையில் படாமல் மேடாக்கிய அடித்தளம். பக்கங்களில் கம்பும் மூங்கிலும் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கும். மேலே கீற்று, அல்லது இப்போது தார்ப்பாய். வெங்காயத்தை வயலிலேயே காயவிட்டு, கழுத்து சுருங்கிய பிறகுதான் உள்ளே கொட்டுவார்கள். அறுவடைக்குப் பிறகும் வெங்காயம் உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. அதிலிருந்து ஈரமும் சூடும் வெளியேறிக்கொண்டே இருக்கின்றன. குவியலாகப் போட்டு மூடினால் நடுவில் வெந்து அழுகும், இல்லாவிட்டால் முளைவிடும். எனவே ஒரு பக்கத்திலிருந்து நுழையும் காற்று மறுபக்கம் வெளியேறும் அளவுக்குத்தான் பட்டறை அகலமாக இருக்கலாம். விளைச்சல் கூடினால் என்ன செய்வது? நீளத்தைக் கூட்டுவார்கள். அகலத்தில் கை வைக்க மாட்டார்கள்.

எந்தத் திசையில் வளரலாம், எந்தத் திசையில் வளரக் கூடாது என்பதை ஒரு பொருளின் வடிவமே தீர்மானித்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு செயலியை ஐந்தாண்டு பராமரித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொரு காலாண்டும் ஒரு புதிய வசதி, முகப்பில் இன்னொரு ஐகான், மெனுவுக்குள் இன்னொரு மெனு. எல்லாம் அகலத்தில் வளர்கிறது. காற்றுப் போக வழியில்லை. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. மானியம், வானிலை, சந்தை விலை, இயந்திர வாடகை என்று வளர்ந்து இன்று இருபதுக்கு மேற்பட்ட சேவைகளைத் தருகிறது. ஒவ்வொன்றும் தேவையானதுதான். ஆனால் அந்தக் கட்டங்களுக்கு நடுவில் இன்றைய வெங்காய விலையைத் தேடும் விரலுக்கு ஒரே ஒரு வழிதான் வேண்டும். அடுத்த ஆண்டு அதைச் செப்பனிடப் போகிற டிசைனர் யாராக இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன் ஒரு பட்டறையை நேரில் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பட்டறையின் இன்னொரு சிறப்பும் உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். இடைவெளி வழியாகக் கையை விட்டுப் பார்க்கலாம். எங்கோ ஒரு மூலையில் அழுகத் தொடங்கினால் வாடை முதலில் வரும். அந்த இடத்தைக் கிளறி, கெட்டதை எடுத்துப் போட்டுவிட்டால் மற்றது பிழைக்கும். அதற்குத் தனியாக ஓர் எச்சரிக்கைக் கருவி தேவைப்படவில்லை.

இப்படி ஊர்ப் பொருளை உட்கார்ந்து பார்ப்பது இந்திய வடிவமைப்புக் கல்விக்குப் புதிதல்ல. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிவந்து 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் விளைவாக 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் மிக உயர்வாகப் பேசிய பொருள் நம் வீட்டுச் செம்பு. எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது எப்படிச் சாயும், கையில் எப்படி இருக்கும், விலை என்ன, கழுவ எளிதா என்று கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினார்கள். அந்தச் செம்பை எந்தத் தனி மனிதரும் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து வடிவமைத்தன என்பதே அவர்கள் கண்டது. பட்டறையும் அப்படித்தான். அதன் கீழே யாருடைய கையெழுத்தும் இல்லை.

கடற்கரையில் ஒலித்த திரை

"சரி, கம்பும் கீற்றும் நல்ல வடிவமைப்புத்தான். டிஜிட்டலுக்கும் அதற்கும் என்ன?" என்று ஒரு டிசைனர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலைத் தமிழ் பேசும் கடற்கரையிலேயே தேடலாம்.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடுமையம். அங்கிருந்து கிராமங்களுக்குத் தகவல் போகும். உள்ளூர்க்காரர்களே, பெரும்பாலும் பெண்கள், மையங்களை நடத்தினார்கள். எல்லாச் சாதியினரும் தடையின்றி வரக்கூடிய பொது இடத்தில்தான் மையம் அமைய வேண்டும் என்பது நிபந்தனை. கணினியை வாங்கி வைப்பதைவிட இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதுதான் கடினமான வடிவமைப்பு வேலையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே மக்களுக்கு வேண்டியிருந்தது ஒரே தகவல்: நாளைக்கு அலை எவ்வளவு உயரும்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக்கடலுக்கும் அலை உயரக் கணிப்பு கிடைத்தது. மையத்தில் அதை எடுத்துத் தமிழாக்கினார்கள். ஆனால் விடியுமுன் கடலுக்குப் புறப்படும் ஒருவர் கணினித் திரைக்கு முன் வந்து உட்காரப்போவதில்லை. எனவே தெருவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டும் அதே குழாய் ஒலிபெருக்கிதான். ஊர் ஏற்கெனவே காது கொடுத்துப் பழகிய வழி. உலகின் மிக முன்னேறிய கடல் தரவு ஒன்று, நம் தெருக்களின் பழைய ஒலிக்கருவி ஒன்றின் வழியாக வெளிவந்தது.

2004 டிசம்பர் 26. அதே திட்டத்தின் மையம் இருந்த நல்லவாடு என்ற இன்னொரு மீனவர் ஊர். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டுக்குள் தண்ணீர் வந்துகொண்டிருப்பதாகப் பதில் வந்தது. உடனே எல்லோரையும் வெளியேறச் சொல்லும்படி அவர் சொன்னார். ஊர் மக்கள் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகுகளும் வலைகளும் வீடுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள்.

தமிழகக் கடற்கரை முழுக்க ஆயிரக்கணக்கில் உயிர்கள் போன ஒரு காலையில், ஆண்டின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில், ஒரு நல்ல வடிவமைப்பு முடிவு இதைச் செய்தது. அலை உயரத்துக்காகக் கட்டிய குழாய், யாருமே நினைத்துப் பார்க்காத ஒன்றுக்கு உதவியது. இதைவிடப் பெரிய உத்வேகம் ஒரு டிசைனருக்கு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. டிசைன் படிக்கும் ஒவ்வொரு தமிழ் மாணவரும் நல்லவாட்டை முதல் ஆண்டிலேயே படிக்க வேண்டும்.

குழாய் ஒலிபெருக்கியின் பேரப்பிள்ளையை இன்று ஒவ்வொரு டீக்கடையிலும் கேட்கிறோம். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமாகி, அதே ஆண்டு நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்தபின் கடைதோறும் கியூஆர் அட்டைகள் ஒட்டப்பட்டன. ஆனால் பணம் வந்ததா என்று பார்க்கக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்க வேண்டியிருந்தது. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நடையைக் கட்டியவர்களும் உண்டு. பிறகு வந்த சவுண்ட் பாக்ஸ், தொகையைத் தமிழிலேயே உரக்கச் சொன்னது. கடைக்காரருக்கும் கேட்டது, வாங்கியவருக்கும் கேட்டது, பக்கத்தில் நின்றவர் சாட்சியும் ஆனார். கல்லாப்பெட்டி முன் நின்று ஒரு முழு நாளைக் கவனித்தவர்களுக்கே இப்படியொரு யோசனை வரும்.

எழுத்தைப் பார்த்துச் செய்த பலகை

பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. நம் மொழி எப்படி நடக்கிறது என்று பார்த்துச் செய்த ஒரு டிஜிட்டல் பொருள், இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யும்போது என் விரல் நுனியில் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை அது.

உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இதுவரை வியப்பில்லை, எந்த விசைப்பலகையையும் அப்படி அடுக்கலாம். அதன் உள்ளே இருக்கும் விதிதான் அழகு. தமிழில் ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி உண்டு. ங-வுக்குப் பின் க வந்தால், ண-வுக்குப் பின் ட வந்தால், ம-வுக்குப் பின் ப வந்தால் அங்கும் புள்ளி உண்டு. பேசுகிறவர் எவரும் இதை யோசிப்பதில்லை. அந்த விசைப்பலகையைச் செய்தவர்கள் யோசித்தார்கள். பட்டறை என்று அடிக்க ப, ட, ட, ற, ஐ என்று ஐந்து தட்டுப் போதும். ட-வின் தலையில் புள்ளி தானாக விழும். வெங்காயம் என்று அடித்தால் ங-வின் புள்ளியை நாம் வைக்கத் தேவையில்லை, கடைசி மகரத்துக்கு மட்டும் வைத்தால் போதும்.

மலேசியாவில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் பின்னர் கைப்பேசிக்குக் கொண்டுவந்த செல்லினம் என்ற தட்டச்சுச் செயலியில், அஞ்சல் முறையோடு தமிழ்99 முறையும் இடம்பெற்றது. ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வழி, தமிழாகவே தட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. இன்று செயற்கை நுண்ணறிவு அடுத்த சொல்லை ஊகித்துத் தருவதைக் கண்டு வியக்கிறோம். அந்தப் புள்ளி விதி கால் நூற்றாண்டுக்கு முன்பே, மிகச் சிறிய கணினியிலும் ஓடக்கூடிய எளிமையோடு, அதுபோன்ற ஒன்றைத்தான் செய்தது.

ஒரு வரி இல்லாத பட்டியல்

செட்டிகுளத்துக்குத் திரும்புவோம். ஊரின் குன்றின்மேல் இருக்கும் தண்டாயுதபாணி கையில் தண்டத்துக்குப் பதிலாகக் கரும்பு இருக்கிறது. ஆண்டிக்கோலத்து முருகனை ஆயிரம் ஊர்களில் பார்த்திருப்போம். ஒரு பொருளை மாற்றியதும் அவர் இந்த ஊர்க்காரர் ஆகிவிட்டார். லோகோ வரைகிறவர்கள் மலையேறிப் போய் நின்று பார்க்க வேண்டிய சிலை. பெரம்பலூர் போகும் வழியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் இருக்கிறது. சில விசேஷ நாட்களைத் தவிர, வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் அங்கே நடை திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருக்கிறாள் என்பது ஐதீகம். அந்தக் கதையைக் கேட்டவர் எவரும் நடை திறக்கும் நாட்களை மறப்பதில்லை. எங்கள் செயலியின் விதியைப் பயனர் நினைவில் வைக்க மாட்டேன் என்கிறாரே என்று வருந்துகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

ஆனால் ஊக்கம் என்பது அழகைப் பார்த்து மட்டும் வருவதில்லை. வலியைப் பார்த்தும் வரும்.

2019 டிசம்பரில் சின்ன வெங்காயம் கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதம் பெரம்பலூர் மாவட்டத்தில் நடவுக்கு வைத்திருந்த விதை வெங்காய மூட்டைகள் களவுபோன செய்தி நாடெங்கும் வந்தது. வேறு ஆண்டுகளில் பிடுங்கும் கூலிக்குக்கூட விலை கட்டாமல் விவசாயிகள் தவித்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பெரிய வெங்காயத்தின் விலை ஏற்றத்தைக் கருதிப் போட்ட தடை. அதற்குள் சின்ன வெங்காயமும் அகப்பட்டது. பெரிய வெங்காயத்தையும் சின்ன வெங்காயத்தையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள், ஏற்றுமதிக்குத் தனிக் குறியீடு கொடுங்கள் என்று தமிழக விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். இரண்டும் வேறு பயிர்போல நடப்பவை. ஒன்று மகாராஷ்டிரத்துப் பெரிய மண்டிகளின் பொருள், மற்றது இங்கே சாம்பாருக்கும் கடல் கடந்த தமிழர் சமையலுக்கும் போகும் பொருள். நடவு வேறு, காலம் வேறு, விலை வேறு.

ஒரு டிசைனர் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார வேண்டும். இது அவருடைய வேலை. ஒரு பட்டியலில் எத்தனை வரிகள் இருக்க வேண்டும், எதை எதோடு சேர்க்கலாம், எதைப் பிரித்தே காட்ட வேண்டும் என்று முடிவு செய்வதைத்தான் அவர் தினமும் செய்கிறார். பயிரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் "வெங்காயம்" என்று ஒரே வரி வைத்துவிட்டுப் போனால் திரை சுத்தமாகத்தான் இருக்கும். அந்தத் திரையில் செட்டிகுளம் இருக்காது.

அதனால்தான் பொங்கலுக்கு ஊர் வரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து எத்தனையோ பேர் படித்து மென்பொருள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ கட்டிய பட்டறை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஈம்ஸ் தம்பதி செம்பைக் கேட்ட கேள்விகளை அதனிடம் கேளுங்கள். எந்தக் காற்றைப் பார்த்து இந்தத் திசையில் நிறுத்தினீர்கள்? ஒரு கை அகலம் கூட்டினால் என்ன ஆகும்? எந்த மூலை முதலில் அழுகும்? என்றைக்குத் திறந்து விற்பது என்பதை யாரிடம் கேட்டு முடிவு செய்கிறீர்கள், போனிலா, டீக்கடையிலா, மண்டியிலா? மண்டியில் சொல்லும் விலையை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எப்படிச் சொல்கிறீர்கள், மூட்டைக் கணக்கிலா கிலோக் கணக்கிலா? விதைக்கு ஒதுக்கியதை விற்றுவிட நேர்ந்த ஆண்டு உண்டா?

விடையை உடனே ஸ்டிக்கி நோட்டில் எழுத வேண்டாம். அவர்கள் பேசி முடிக்கட்டும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பல வயல்களில் பிடுங்கும் வேலை தொடங்கிவிடும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டே அந்த ஆண்டு விலை எங்கே போகும் என்று பேசுவார்கள். அந்தப் பேச்சில் மழை, டீசல், மகாராஷ்டிரம், டெல்லி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் வரும். அதைக் கேட்டுவிட்டு ஜனவரி மூன்றாவது வாரம் அலுவலகம் திரும்பி, முதல் வேலையாகப் பயிர்ப் பட்டியலில் சின்ன வெங்காயத்துக்கு ஒரு தனி வரி சேருங்கள்.